டவர் எடுக்கல

கடைமடைப் பக்கம் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்பவர்கள் குறைவு. ‘டவர் இல்ல’, ‘டவர் எடுக்கல’, ‘கொஞ்சம் வெளிய வந்து பேசு, உள்ள டவர் கெடைக்காது’. இப்படித்தான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் படித்த ஆகுபெயரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘யாழ் கேட்டாள்’ என்றால் யாழின் இசையைக் கேட்டாள் என்று பொருள். கருவியின் பெயர் அதிலிருந்து வருவதற்கு ஆகிவிடும். அதேபோல, கண்ணுக்குத் தெரியாத அலைக்கு, கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சட்டத்தின் பெயரை வைத்துவிட்டோம்.

நல்ல ஆகுபெயர்தான். ஆனால் இது மனு எழுதும் இடத்துக்குப் போகும்போது சிக்கலாகிவிடுகிறது. ‘எங்க ஊர்ல டவர் இல்லைங்க’ என்று ஒருவர் சொல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர் கணினியைப் பார்த்துவிட்டு ‘இருக்கே’ என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொன்னது அலை, இன்னொருவர் சொன்னது இரும்பு. ஊரக மொபைல் சேவையைப் பற்றி நம் நாட்டில் நடக்கும் பேச்சில் பாதி இந்த ஆகுபெயருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதி ஒரு சதவீதத்துக்குள்ளும் ஒரு வரைபடத்துக்குள்ளும் சிக்கிக்கிடக்கிறது. இந்தக் குறிப்பு அந்தச் சதவீதத்தையும் வரைபடத்தையும் பற்றியது.

மனதில் வைத்திருக்கும் ஊர் குரும்பகரம். காரைக்கால் மாவட்டம், நெடுங்காடு கொம்யூன். காரைக்கால் என்பதே தமிழ்நாட்டுக்குள் செருகிவைத்த புதுச்சேரித் துண்டு. ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர், 2011 கணக்கெடுப்பில் 2 லட்சம் பேர். வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம், கிழக்கே கடல். மலை கிடையாது, அடர்காடு கிடையாது. நெல் வயல், வாய்க்கால், தென்னை, மூங்கில். ரேடியோ பொறியாளரைக் கேட்டால் இதைவிடச் சுலபமான நிலம் வேண்டுமா என்பார்.

அதனால்தான் இந்த ஊர். வழக்கமாக இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு படம் வந்துவிடும்: மலையோரக் கிராமம், மரக்கிளையில் உட்கார்ந்து போனை உயர்த்திப் பிடித்திருக்கும் பிள்ளைகள். 2020, 2021 ஊரடங்கில் இணைய வகுப்புக்காக அப்படி ஏறியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள், அந்தப் படங்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்தன. ஆனால் அவை இன்னொரு வேலையையும் செய்துவிட்டன. சிக்னல் பிரச்சினை என்றால் மலை, காடு, பழங்குடி ஊர் என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டன. சமவெளியில், பஸ் போகிற ரோட்டில், மாடி வீடு இருக்கிற ஊரில் இருப்பவர் ‘எடுக்கல’ என்றால் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. ‘உங்க போன் பழசா இருக்கும்’ என்று சொல்லிவிடுகிறோம்.

சரி, முதலில் சதவீதம்.

2024 ஏப்ரல் நிலவரம் என்று மத்திய அரசு சொன்ன கணக்கு: நாட்டில் 6,44,131 கிராமங்கள், அவற்றில் 6,12,952-ல் 3ஜி அல்லது 4ஜி இணைப்பு இருக்கிறது. 95.15 சதவீதம். மீதிக்காகத் தனித்திட்டம் ஓடுகிறது. 2022 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 26,316 கோடி ரூபாய்த் திட்டம், சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோவதற்கானது. பொறுப்பு பிஎஸ்என்எல்லுக்கு. பணம், நிறுவனங்களின் வருவாயிலிருந்து 5 சதவீதம் பிடித்துச் சேர்க்கும் நிதியிலிருந்து. முன்பு அதற்கு உலகளாவிய சேவைக் கடப்பாட்டு நிதி என்று நாக்கு சுளுக்கும் பெயர், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி. திட்டத்தில் எனக்குக் குறை இல்லை. ஒரு டவரும் இல்லாத ஊருக்கு முதலில் போகட்டும், அதுதான் நியாயம்.

என் கேள்வி அந்த 95.15-ஐப் பற்றியது. அதில் எண்ணப்படும் பொருள் கிராமம். குரும்பகரம் என்றால் ஒன்று. எத்தனை நிறுவனத்தின் சேவை, ஊரில் எத்தனை தெருவுக்கு, வீட்டுக்குள்ளா வாசலிலா, மழை நாளிலுமா என்பதெல்லாம் அந்த ஒன்றுக்குள் மறைந்துபோகும். ஊர்த்தெருவும் கடைசியில் இருக்கிற காலனியும் சேர்ந்து ஒரே எண். கோயில் வாசலில் நாலு கோடு, காலனியில் கோடே இல்லை என்றாலும் கிராமம் ‘இணைக்கப்பட்டது’.

ஏன் கிராமத்தை எண்ணுகிறார்கள்? இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. அப்போது அது சரியான அலகு. 1980-களில் சாம் பிட்ரோடா காலத்து சி-டாட் நிறுவனம் ஊரகத் தொலைபேசி நிலையம் ஒன்றை வடிவமைத்தது. 128 இணைப்பு, குளிர்சாதனம் வேண்டாம், தூசியும் வெயிலும் தாங்கும். முதலாவது 1986 ஜூலையில் கர்நாடகத்துக் கிட்டூரில் வேலை செய்யத் தொடங்கியது. அதன் பிறகு வந்த கொள்கைகளில் கனவு இதுதான்: ஊருக்கு ஒரு போன். 1994-ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 1997-க்குள் எல்லாக் கிராமத்துக்கும் என்று தேதியே குறித்தது. போன் ஒரு இடத்தில் நின்றது. பெட்டிக்கடையிலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ மஞ்சள் போர்டு. நாம் அதைத் தேடிப் போனோம். அந்தக் காலத்தில் ‘இந்த ஊரில் போன் உண்டா’ என்பது முழுக் கேள்வி.

இப்போது போன் சட்டைப்பையில் இருக்கிறது. வயலுக்கு வருகிறது, மாட்டுக்கொட்டகைக்கு வருகிறது, பிரசவ வலி எடுக்கும் பின்கட்டுக்கு வருகிறது. கேள்வி மட்டும் இன்னும் மஞ்சள் போர்டு காலத்துக் கேள்வி.

வேறு நாடுகளில் அலகை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2020 மார்ச்சில் அரசும் நான்கு நிறுவனங்களும் செய்துகொண்ட ஊரக ஒப்பந்தத்தின் இலக்கு, நிலப்பரப்பில் 95 சதவீதத்துக்கு 4ஜி. ஆளை எண்ணாமல் நிலத்தை எண்ணினார்கள். அதற்கும் அங்கே திட்டு விழுந்தது, ஆடு மேயும் மலைக்கெல்லாம் எதற்கு என்று. நம் டெல்டாவுக்கு அந்தத் திட்டு பொருந்தாது. இங்கே ஊருக்கு வெளியே இருக்கும் நிலம்தான் ஆட்கள் பகலெல்லாம் நிற்கிற இடம்.

இனி வரைபடம். டிராய் 2024 ஆகஸ்டில் சேவைத்தரத்துக்கான புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதில் நல்ல விஷயம் ஒன்று, ஒவ்வொரு நிறுவனமும் எங்கெங்கே 2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்று காட்டும் வரைபடத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து. போட்டார்கள். நெடுங்காடு, குரும்பகரம், அம்பகரத்தூர் என்று பெரிதாக்கிப் பார்த்து ஒரு சாயங்காலத்தைக் கழித்தேன். நிறம் பூசிய நிலம். பார்க்க ரொம்பத் திருப்தியாக இருக்கிறது. அதுதான் இதில் என் முதல் புகார். ஒரு வரைபடம் இவ்வளவு திருப்தி தரக்கூடாது.

இந்த நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். யாரும் வயல் வயலாக நடந்து அளப்பதில்லை. டவரின் உயரம், ஆண்டெனாவின் திசை, சக்தி, அலைவரிசை, நிலத்தின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் ஒரு கணிப்பு மென்பொருளில் கொடுத்தால், எந்த இடத்தில் எவ்வளவு வலு இருக்கக்கூடும் என்று அது சொல்லும். ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருந்தால் நிறம், இல்லாவிட்டால் வெள்ளை. அதாவது இது ஒரு ஊகம், திறந்த வெளியில் நிற்கும் ஒரு போனுக்கான ஊகம். தவறான முறை இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். ஊகத்தை அளவீடு மாதிரி காட்டும்போதுதான் தப்பு ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் இது வெளிச்சத்துக்கு வந்த கதை சுவையானது. ஊரகச் சேவைக்கு மானியம் கொடுக்க அங்குள்ள ஆணையம் நிறுவனங்களிடம் வரைபடம் வாங்கியது. வரைபடத்தில் நிறம் இருக்கும் இடத்துக்கு மானியம் கிடையாது. வெர்மாண்ட் என்ற சின்ன மாநிலம் நம்ப மறுத்தது. 2018-ல் அந்த மாநில அரசு ஊழியர் ஒருவர் காரில் ஆறு போன்களை வைத்துக்கொண்டு 6,000 மைல் ஓட்டி, ஊர் ஊராக அளந்தார். நிறத்துக்கும் நிஜத்துக்கும் நிறைய தூரம். பிறகு ஆணையத்தின் ஆட்களே பல மாநிலங்களில் ஓட்டிப் பார்த்து, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். வரைபடம் சொன்ன குறைந்தபட்ச வேகம் கிடைத்தது 62.3 சதவீதச் சோதனைகளில்தான். அந்த மானியத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2020-ல் வந்த சட்டம், வரைபடத்தைச் சாதாரண ஆட்களும் மறுத்து ஆதாரம் கொடுக்க முறையான வழி செய்தது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, அமெரிக்க நிறுவனங்கள் பொய் சொல்லின, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்பதல்ல. வெர்மாண்டுக்கு மறுக்க ஒரு அரசு இருந்தது, கார் இருந்தது, மறுப்பைக் கேட்க ஒரு மேசை இருந்தது. குரும்பகரத்துக்கு அந்த மேசை எங்கே? இதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் சிம் நிலையைப் பாருங்கள். கழித்தல் குறியோடு ஒரு எண் டிபிஎம் என்று இருக்கும். கோடுகளை நம்பாதீர்கள், எத்தனை வலுவுக்கு எத்தனை கோடு என்பது போனுக்குப் போன் வேறு. இந்த எண்ணில் 10 குறைந்தால் வலு பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று. வாசலிலிருந்து காங்கிரீட் வீட்டின் உள்ளறைக்குப் போனால் 10 முதல் 20 வரை குறைவது சர்வசாதாரணம். ஓலைக்கூரை இவ்வளவு தடுக்காது.

புதுச்சேரியில் காமராஜர் பெயரில் கல்வீடு கட்டும் திட்டம் இருக்கிறது, மத்திய அரசின் வீட்டுத் திட்டமும் இருக்கிறது. கூரைவீடு போய் கல்வீடு வந்தது நல்லது, புயல் அடிக்கிற கடற்கரையில் ரொம்ப நல்லது. ஆனால் புயலைத் தடுக்கும் அதே கூரை அலையையும் தடுக்கிறது. வரைபடம் போடும் மென்பொருளுக்கு இந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற கவலை இல்லை. இன்னொன்று, 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி கீழ் அலைவரிசைகள் சுவரைக் கொஞ்சம் தாராளமாகக் கடக்கும், தூரமும் போகும். 2300-ம் 3500-ம் அப்படி இல்லை, அவற்றின் பலம் வேகம். விளம்பரம் வருவது வேகத்துக்கு. ‘பின்கட்டில் பேசலாம்’ என்று யாராவது விளம்பரம் செய்து பார்த்திருக்கிறீர்களா?

சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும், முன்னெல்லாம் போன் இல்லாமலா இருந்தோம் என்று கேட்பவர்கள் உண்டு. என் வீட்டிலேயே உண்டு. முன்னெல்லாம் போன் இல்லாமல் அரசு நம்மோடு பேசியது. இப்போது பேசுவதில்லை, அதுதான் வித்தியாசம்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் சோதனை சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கியது. கடைகள் மூடின, பல ஆண்டுகள் மூடியே கிடந்தன. 2024 அக்டோபரில்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் அரிசி என்பது ஒரு எஸ்எம்எஸ். நெடுங்காடு பக்கத்தில் ஒரு பெரியம்மா என்னிடம் போனை நீட்டி, ‘தம்பி, அரிசிக் காசு வந்துடுச்சான்னு பாரு. நேத்து பக்கத்து வீட்டுக்கு வந்துடுச்சாம், எனக்கு ஒண்ணும் காணல’ என்றார். பணம் வந்திருந்தது என்பது பேங்கில் பாஸ்புக் போட்டபோதுதான் தெரிந்தது. செய்திதான் வரவில்லை. இதற்குக் காரணம் சிக்னலா, வங்கியா, நிரம்பிப்போன மெசேஜ் பெட்டியா என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு ஆட்டோ கூலி போனது போனதுதான்.

நூறு நாள் வேலையில் இது இன்னும் நேரடி. 2023 ஜனவரி 1 முதல் வேலைத்தள வருகையை மொபைல் செயலியில்தான் பதிய வேண்டும் என்றார்கள். ஒரு நாளில் இரண்டு முறை, ஆட்களை நிறுத்திப் புகைப்படம், கூடவே இடத்தின் குறியீடு. வாய்க்கால் தூர்வாரும் இடம் ஊர்த்தெருவில் இருக்காது, ஊரைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கும். படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம் என்பார்கள். ஏறினால் கூலி. ஏறாவிட்டால் மண்வெட்டி பிடித்ததற்குச் சாட்சி இல்லை. 95.15 சதவீதத்தில் இந்த வாய்க்கால் வராது, ஏனென்றால் வாய்க்கால் ஒரு கிராமம் இல்லை.

அவசரத்துக்கு 108 கூப்பிடுவதைப் பற்றி எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

புயலைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. காரைக்காலிலும் மரம் விழுந்தது, கரண்ட் போனது. தெற்கே டெல்டா சிதைந்தே போனது, ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. டவர்களில் பல நின்ற இடத்திலேயே நின்றன. நின்று என்ன பயன்? ஒரு டவருக்கு மின்சார லைன் வேண்டும். அது போனால் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் டீசல் ஜெனரேட்டர். டீசல் கொண்டுவரும் ரோட்டில் புளியமரம் குறுக்கே கிடந்தால் அதுவும் இல்லை. காரைக்காலுக்குத் திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000-லிருந்தே இருக்கிறது, சின்ன மாவட்டத்துக்குப் பெரிய வசதி. ஆனால் நிலையம் ஓடினாலும் கம்பம் சாய்ந்தால் டவருக்கு ஒன்றும் வராது.

அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. கஜா வந்து பதின்மூன்றாம் நாள், நவம்பர் 29, ஷங்கரின் ‘2.0’ வெளியானது. ஊரில் உள்ள போன்களெல்லாம் கைகளிலிருந்து பறந்து போகும் படம். செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று டவரில் தூக்குப் போட்டுக்கொள்ளும் பறவையியலாளர், பிறகு ஆவியாக வந்து போன்களை ஆயுதமாக்குகிறார். படம் அறிவியலுக்கு எதிரானது என்று செல்லுலார் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்கும் அமைச்சகத்துக்கும் புகார் போனது. சென்னையில் விவாதம், அதிகமான டவர் ஆபத்தா இல்லையா என்று. அதே நாட்களில் வேதாரண்யம் பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து போன் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, சிக்னல் இருக்கிற இடம் தேடி வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள். படத்தைக் குறை சொல்லி என்ன, அது கஜாவுக்கு முன்பே எடுத்து முடித்தது. ஆனால் தமிழில் செல்போன் டவரை மையமாக வைத்து எடுத்த மிகப் பெரிய படத்தில், டவர் கிடைக்காதவன் ஒருவன்கூட இல்லை என்பதைக் குறித்துவைக்க வேண்டும். கதிர்வீச்சு பற்றி ஒரு வரி: இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் அனுமதிக்கப்படும் அளவு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்று. ஊரில் டவர் வேண்டாம் என்று மறிப்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

2024 விதிமுறைகளில் இன்னொரு நல்ல பகுதி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் வாடிக்கையாளருக்குக் கழிவோ கூடுதல் நாட்களோ கொடுக்க வேண்டும் என்பது. மாவட்டம் என்ற அலகு காரைக்காலுக்குச் சாதகம். தொலைத்தொடர்புக் கணக்கில் காரைக்கால் தமிழ்நாடு வட்டத்தில் வருகிறது. சேவைத்தரத்தின் பல அளவுகோல்கள் நீண்டகாலமாக வட்டம் முழுமைக்கும் சராசரியாகக் கணக்கிடப்பட்டவை. 1,30,000 சதுர கிலோமீட்டரில் 160-ஐக் கரைத்தால் என்ன தெரியும்? ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேலே. மாவட்டமே இருட்டானாலும் சராசரிக்கு வலிக்காது. ஆக மாவட்ட அலகு முன்னேற்றம்தான். ஆனால் இயற்கைப் பேரிடர் என்றால் இந்த இழப்பீடு பொருந்தாது. 2008-ல் நிஷா, 2018-ல் கஜா என்று புயலை எண்ணி நாள் கணக்கு வைக்கும் கரையில், எந்த நாளுக்கு இது மிகவும் தேவையோ அந்த நாளுக்கு இது இல்லை.

தீர்வு எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எரிச்சல். ஒரு ஊரில் அண்ணனுடைய சிம் பேசுகிறது, தம்பியுடைய சிம் பேசவில்லை. இரண்டும் வேறு வேறு நிறுவனம். தம்பியின் போன் அண்ணனின் டவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, உள்ளே விட மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சிம்முக்கு மட்டும் ரோமிங் என்ற பெயரில் கதவு திறக்கும். ஒரே வட்டத்துக்குள் ஒருவர் டவரை இன்னொருவர் வாடிக்கையாளர் பயன்படுத்தும் ஏற்பாட்டை, பேரிடர் நாட்களில் சில இடங்களில் அரசு உத்தரவு போட்டுத் திறந்திருக்கிறது. 2025 ஜனவரி 17 முதல், டிஜிட்டல் பாரத் நிதியில் கட்டிய டவர்களில் இது நிரந்தரமாக்கப்பட்டது. 27,000-க்கும் மேற்பட்ட இடங்கள், பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ மூன்றும். பொதுப்பணத்தில் கட்டிய டவர் எல்லாருக்கும் பொது என்ற நியாயம் சரி. ஆனால் விளைவைப் பாருங்கள். ஏதும் இல்லாத மலைக்கிராமத்துக்கு இப்போது மூன்று நிறுவனச் சேவையும் ஒரே டவரில் கிடைக்கும். ‘ஏற்கெனவே இணைக்கப்பட்ட’ குரும்பகரத்துக்காரர் இன்னொரு சிம் வாங்கிக்கொள்ள வேண்டும். டெல்டாவில் இரண்டு சிம் போன் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அது குடையும் டார்ச்சும் மாதிரி. இரண்டுக்கும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது கூலிக்காரர்தான்.

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் பதில் எனக்குத் தெரியும்: அடுத்தவர் டவரில் ஏறிக்கொள்ளலாம் என்றால் யார் புதுசாகக் கட்டுவார்கள்? நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லா நாளும் எல்லா இடத்திலும் என்று நான் கேட்கவில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்த மாவட்டத்தில் புயல் கரையேறும் முன்பே தானாகத் திறக்கட்டும், உத்தரவுக்குக் காத்திருக்காமல். குரல் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் திறந்தாலும் போதும். வீடியோ பார்க்க யாரும் கேட்கவில்லை.

2004 டிசம்பர் 26-ஐ இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுனாமியில் புதுச்சேரிப் பிரதேசம் இழந்த உயிர்களில் பெரும்பாலானவை காரைக்கால் கரையில். அதே பிரதேசத்தில், புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்தது வேறு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் நடத்தி வந்தது. கடலோர ஊர்களில் அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொல்வது வழக்கம். சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பினார்கள். வீடும் படகும் போயின.

இதை ‘தொழில்நுட்பம் உயிர் காத்தது’ என்று மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியம் கதவை உடைத்த பகுதி. அந்த ஊருக்கு அந்த மையம் தங்களுடையது என்று தெரிந்திருந்தது. எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, எந்தச் சுவிட்சைப் போட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இன்றைய டவரைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும்? கம்பிவேலி, ஒரு எண் எழுதிய பலகை, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி.

மேசைக்கு வருகிறேன் என்றேன். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களில் கிராமசபை கூடும்போது டவர் கேட்டுத் தீர்மானம் போட முடியும். தீர்மானம் போட்டால் டவர் வந்துவிடாது, தொலைத்தொடர்பு மத்திய அரசின் விஷயம். ஆனாலும் தேதி போட்ட காகிதம் ஒன்று இருக்கும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு, இதை எழுதும் வரை, தேர்தல் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்தை அதிகாரிதான் நடத்துகிறார். நெடுங்காட்டில் 2ஜி வந்து, 3ஜி வந்து போய், 4ஜி வந்து, 5ஜி வந்தது. வார்டு உறுப்பினர் மட்டும் வரவில்லை.

வரைபடம் தப்பு என்று சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை. தனியாள் ஒருவர் தன் நிறுவனத்தின் எண்ணுக்குப் புகார் கொடுக்கலாம். அது ‘என் போன் வேலை செய்யவில்லை’ என்ற புகாராகப் பதிவாகும், ‘எங்கள் தெரு விடுபட்டது’ என்று பதிவாகாது. சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம். மனுவில் ‘டவர் வேண்டும்’ என்று இருக்கும். ‘டவர் இருக்கே’ என்று பதில் வரும்.

ஆகவே ஒரு சின்ன வேலை. மழை விட்டதும் நெடுங்காட்டிலிருந்து குரும்பகரம் வரை மூன்று நிறுவன சிம்களோடு நடக்கலாம் என்றிருக்கிறேன். வாசல், கூடம், பின்கட்டு, வாய்க்கால் கரை, ஒவ்வொன்றிலும் அந்த டிபிஎம் எண்ணையும் ஒரு அழைப்பு போகிறதா என்பதையும் எழுதிக்கொள்ள. கரண்ட் இருக்கும்போது ஒரு தடவை, போய் நாலு மணி நேரம் கழித்து ஒரு தடவை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது தங்கள் வீட்டில் இதே மாதிரி எழுதி அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறேன். பேர் வேண்டாம், நிறுவனம், நேரம், வீட்டுக்கூரை ஓலையா ஓடா காங்கிரீட்டா, இவ்வளவு போதும். வாசலில் எடுத்ததை மட்டும் அனுப்பாதீர்கள்.